‘புகையில்லா அடுப்பு’ன்னு போட்டிருந்தா புகையே வராதா? டெல்டா வீடுகள் வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் கேஸ் போன்ற சுத்தமான எரிபொருளில்தான் சமையல் நடக்குது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு இது. ஆனாலும் திருத்துறைப்பூண்டி மாதிரியான டெல்டா ஊர்களில் கொல்லைப்புற விறகு அடுப்பு இன்னும் அணையவில்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிக்கிறது, விசேஷத்துக்குப் பெரிய அண்டா சமையல்... இதுக்கெல்லாம் விறகுதான்.

இதற்கிடையே ‘ஸ்மோக்லெஸ்’, ‘ஈகோ’, ‘ராக்கெட்’ என்று பல பெயர்களில் விறகு அடுப்புகள் ஆன்லைனில் வரிசை கட்டுகின்றன. இன்னொரு பக்கம் மும்பையில் விறகு அடுப்பு பேக்கரிகளுக்கு நீதிமன்றம் கெடு வைத்த செய்தியும் வந்தது. அந்தத் தடை இங்கேயும் வருமா? இந்த அடுப்புகள் உண்மையிலேயே புகையைக் குறைக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விறகு எரிக்க இங்கே தடை இருக்கா?

வீட்டு விறகு அடுப்புக்கு இங்கே தடை எதுவும் இல்லை. ஆனால் தடை போடும் அதிகாரம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கு.

1981-ம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டம், பிரிவு 19-ன்படி, ஒரு பகுதியை ‘காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று மாநில அரசு அறிவிக்கலாம். அந்தப் பகுதிக்குள் அங்கீகரிக்கப்பட்ட எரிபொருளைத் தவிர மற்றதையும், அங்கீகரிக்கப்பட்ட சாதனத்தைத் தவிர மற்றதையும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிடலாம்.

இந்த யோசனையின் பழைய உதாரணம் லண்டன். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து ஊரையே மூடி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு 1956-ல் வந்த சட்டம் ‘புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி’களை உருவாக்கியது. அங்கே இன்றும் சோதனையில் தேறி விலக்குப் பெற்ற அடுப்பில் மட்டும்தான் விறகு எரிக்க முடியும்.

இந்தியாவில் இந்தக் கட்டுப்பாடு இப்போதைக்கு வணிக அடுப்புகளைத்தான் தொட்டிருக்கு. டெல்லியில் காற்று மோசமாகும் நாட்களில் ஓட்டல் தந்தூரிகளில் நிலக்கரி, விறகுக்குத் தடை வருது. மும்பையில் 2025 ஜனவரி 9 அன்று உயர் நீதிமன்றம், விறகு, நிலக்கரி எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் கேஸ் போன்ற எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது.

லண்டன் முறையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘இந்த அடுப்பு ஓகே’ என்று சொல்ல அங்கே ஒரு பட்டியல் இருக்கு. இங்கே வாங்குபவர்தான் அந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும்.

கேஸ் இருக்கும்போது ஏன் விறகு?

முதல் காரணம் காசு. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் வீட்டு சிலிண்டர் விலை 868.50 ரூபாய். உஜ்வலா இணைப்புக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் 2025-26-ல் அது அதிகபட்சம் 9 சிலிண்டருக்குத்தான். தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி, சீமைக்கருவேல் விறகு, பருத்திச் செடியின் காய்ந்த மார் எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைக்குது. தினக்கூலி வீட்டில் வெந்நீருக்கு கேஸை எரிக்க யாருக்கும் மனசு வராது.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது, இந்தப் பகுதியின் பல கிராமங்களில் கரன்ட் திரும்பவே வாரக்கணக்கில் ஆச்சு. அதைப் பார்த்த ஊரில் ‘இண்டக்ஷன் வாங்கிக்கோங்க, விறகை விட்ருங்க’ என்று சொன்னால் எடுபடாது.

அதனால் விறகை விடுவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு விறகு, எந்த அடுப்பில், எந்த இடத்தில் என்று கேட்பதுதான் பயன் தரும்.

புகை ஏன் வருது?

புகை என்பது எரியாமல் தப்பிப் போன விறகு. சூடேறும்போது விறகிலிருந்து வாயுக்கள் வெளியேறும். போதுமான சூடும் காற்றும் கிடைத்தால் அவை தீயாக எரியும். கிடைக்காவிட்டால் புகையாக, கரியாக, கார்பன் மோனாக்சைடாகப் போகும். மூன்று கல் அடுப்பில் சூடு நாலா பக்கமும் சிதறுவதால், எரிபொருளின் ஆற்றலில் சுமார் 10-15% மட்டுமே பாத்திரத்துக்குப் போய்ச் சேருது.

இதைச் சரிசெய்ய வந்த அடுப்புகள் இரண்டு வகை:

• இயற்கைக் காற்றோட்ட அடுப்பு: ‘ராக்கெட்’ அடுப்பு இந்த வகை. குறுகலான, சூடு வெளியே போகாத அறைக்குள் விறகு எரியும். காற்று தானாகவே கீழிருந்து மேலே இழுக்கப்படும்.

• விசிறி அடுப்பு: சின்ன ஃபேன் காற்றைத் தள்ளும். பேட்டரி, யு.எஸ்.பி. அல்லது சோலாரில் ஓடும். மேலே வரும் வாயுவுக்கும் தனியாகக் காற்று கிடைப்பதால் புகை இன்னும் குறையும்.

புகைபோக்கி வேறு விஷயம். அது புகையை உங்கள் அடுப்படியிலிருந்து வெளியே தள்ளும். புகையின் அளவைக் குறைக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் உங்கள் வீட்டுப் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகலாம்.

இந்திய தரநிலை என்ன சொல்லுது?

எடுத்துச் செல்லக்கூடிய விறகு அடுப்புகளுக்கு ‘ஐ.எஸ். 13152 (பகுதி 1): 2013’ என்ற தரநிலை இருக்கு. அதன்படி:

• இயற்கைக் காற்றோட்ட அடுப்பு: வெப்பத்திறன் குறைந்தது 25%, பாத்திரத்துக்குப் போகும் ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு நுண்துகள் 350 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.
• விசிறி அடுப்பு: வெப்பத்திறன் குறைந்தது 35%, நுண்துகள் வரம்பு 150 மில்லிகிராம்.
• இரண்டுக்கும் கார்பன் மோனாக்சைடு வரம்பு 5 கிராம்.

இதை வெந்நீர்க் கணக்காக மாற்றிப் பார்ப்போம். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 2.9 மெகாஜூல் வெப்பம் வேணும். மூன்று கல் அடுப்பில் அதுக்கு ஒன்றரை கிலோ அளவுக்குக் காய்ந்த விறகு போகும். 25% திறன் அடுப்பில் சுமார் 800 கிராம். விசிறி அடுப்பில் 550 கிராம் பக்கம். விறகு பாதியாகும் என்று விளம்பரத்தில் சொன்னால், தரநிலையைத் தொட்ட அடுப்பில் அது நடக்கக்கூடியதுதான்.

புகைக் கணக்கு வேற மாதிரி. அதே 10 லிட்டருக்கு, 350 மில்லிகிராம் வரம்பில் பாஸான அடுப்பே சுமார் 1 கிராம் நுண்துகளை விடலாம். 10 அடிக்கு 10 அடி, 10 அடி உயர அறையில் அது முழுசும் அப்படியே நின்றால் ஒரு கனமீட்டருக்கு 35,000 மைக்ரோகிராம். 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பி.எம். 2.5 அளவு 15 மைக்ரோகிராம். நிஜத்தில் ஜன்னல், ஓட்டு இடுக்கு வழியாகப் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரிசுன்னு பாருங்க. விசிறி அடுப்பில் இது பாதிக்கும் கீழே இறங்கும். அப்பவும் மூடிய அறைக்குள் வைக்கத் தகுந்த அளவு கிடையாது.

சுருக்கமா: சான்று பெற்ற அடுப்பு என்றால் ‘புகை குறைவு’. ‘புகையில்லை’ என்று அதுக்கு அர்த்தம் இல்லை.

இதெல்லாம் முன்னாடி முயற்சி பண்ணலையா?

பலமுறை. 1940-களிலேயே வார்தாவில், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியாக ‘மகன் சூல்ஹா’ என்ற புகைபோக்கி அடுப்பு வந்தது. 1983-லிருந்து 2002 வரை மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் சுமார் மூன்றரை கோடி அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை நீடிக்கவில்லை.

ஏன்? ஒடிசாவில் எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள், புகைபோக்கி வைத்த அடுப்பு பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுதும் பார்க்கவில்லை.

‘ஊர்ஜா’ கதை வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் பிரிட்டிஷ் பெட்ரோலியமும் சேர்ந்து உருவாக்கிய விசிறி அடுப்பு அது. மகாராஷ்டிரா, கர்நாடகாவில் லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் வேளாண் கழிவில் செய்த பெல்லட் வில்லைகளில்தான் எரியும். வில்லை விலை ஏற ஏற, வீடுகள் அதைக் கைவிட்டன. அடுப்பு நல்ல அடுப்புதான். அதுக்கான தீனிதான் கட்டுப்படியாகவில்லை.

நாகை ஆய்வு சொல்வது என்ன?

திருத்துறைப்பூண்டிக்கு மிக நெருக்கமான ஆதாரம் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே இருக்கு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பங்கேற்புடன், விழுப்புரம், நாகை மாவட்டக் கிராமங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் இலவச சிலிண்டரும். மறுபாதி பழையபடி விறகு போன்ற எரிபொருளில் சமைத்தார்கள்.

2022-ல் வெளியான முடிவு: விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த பி.எம். 2.5 இடைநிலை அளவு 70.7 மைக்ரோகிராம். கேஸ் வீட்டில் 23.9. மூன்றில் இரண்டு பங்கு குறைவு. ஆனால் குழந்தையின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

‘அப்போ புகையால் பிரச்சினை இல்லையே’ என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுப் புகையால் 2019-ல் இந்தியாவில் சுமார் 6 லட்சம் பேர் இறந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிடுகிறது. நுரையீரல், இதய நோய்கள் இதில் முக்கியம். ஆய்வில் கேஸ் கிடைத்தது கர்ப்பம் தரித்துச் சில வாரங்கள் கழித்துத்தான் என்பதையும் கவனிக்கணும். நமக்கு வேண்டிய பாடம் இது: கேஸ் மாதிரி பெரிய மாற்றத்துக்கே எல்லாப் பலனும் உடனே தெரியவில்லை. அப்படியிருக்க, புகையைப் பாதியாக்கும் விறகு அடுப்பை ‘ஆரோக்கியக் காவலன்’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

வாங்கும் முன் இந்த 7 விஷயம் பாருங்க

1. எந்த வேலைக்கு? தினசரிச் சமையலுக்கு என்றால் கேஸ்தான் முதல் சாய்ஸ். வெந்நீர், அண்டா வேலைக்கு மட்டும் விறகு அடுப்பை யோசியுங்கள். தினமும் வெந்நீர் மட்டுமே தேவை என்றால், வாங்க வசதி இருந்தால் சோலார் ஹீட்டர் விலையையும் விசாரியுங்கள்.

2. உங்க விறகு உள்ளே போகுமா? ராக்கெட் அடுப்புக்கு மெல்லிய துண்டுகள் வேணும். முழுத் தென்னை மட்டையை அப்படியே சொருக முடியாது. விசிறி அடுப்புக்கு இன்னும் சின்னத் துண்டு. உடைத்த கொட்டாங்குச்சி நன்றாகப் போகும். நெல் உமி இரண்டிலும் சரிவராது. அதுக்கு உமியை இறுக்கி அடைக்கும் உமி அடுப்பு தனி.

3. பாத்திரம் தாங்குமா? பல மாடல்கள் சின்னக் குடும்பச் சமையலுக்குச் செய்தவை. தண்ணீர் நிரம்பிய அண்டாவை வைத்தால் சாயும். எவ்வளவு கிலோ தாங்கும் என்று கேளுங்கள்.

4. சோதனை அறிக்கை இருக்கா? ஐ.எஸ். 13152 எண், வெப்பத்திறன், நுண்துகள், கார்பன் மோனாக்சைடு என நாலும் அதில் இருக்கணும். ‘80% புகை குறையும்’ என்ற ஸ்டிக்கர் மட்டும் போதாது. எதோடு ஒப்பிட்டு 80% என்று கேளுங்கள்.

5. ஃபேன் போனா யார் பார்ப்பாங்க? பேட்டரி, ஃபேன் உதிரிபாகம் திருத்துறைப்பூண்டியிலோ திருவாரூரிலோ கிடைக்குமா? கிடைக்காது என்றால் ஃபேன் இல்லாத மாடலே மேல்.

6. எங்கே வைப்பீங்க? கொல்லையில், மழை படாத, பக்கங்கள் திறந்த கொட்டகையில் வைக்கலாம். கீற்றுக் கூரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் தள்ளியே இருக்கட்டும். புகை நின்று கங்கு மட்டும் இருக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேணும். அப்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கங்கு அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

7. விறகு காய்ஞ்சிருக்கா? ஈர விறகைப் போட்டால் எந்த அடுப்பும் புகையும். இங்கிலாந்தில் சில்லறையாக விற்கும் விறகில் 20%-க்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்று 2021 முதல் விதி இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன், கோடையிலேயே பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். நுனியில் வெடிப்பு, ஒன்றோடு ஒன்று தட்டினால் ‘டங்’ என்ற சத்தம் இரண்டும் காய்ந்த விறகின் அடையாளம்.

கூடவே ஒன்று: பற்றவைக்க பாலிதீன் கவர், சைக்கிள் டியூப் துண்டு, பெயின்ட் அடித்த பலகை வேண்டாம். நல்ல அடுப்பு வாங்கிய பலனே போயிடும்.

அரசு பக்கம் என்ன வேணும்?

நாளைக்கு இங்கேயும் புகைக் கட்டுப்பாடு வரலாம். அப்போது அபராதத்தை மட்டும் கொண்டுவந்தால், முதலில் அடிபடுவது டீக்கடையும் சிலிண்டர் மாற்றக் காசில்லாத வீடும்தான். தடைக்கு முன்னால் சிலிண்டர் விலை கட்டுப்படியாகணும், எந்த அடுப்பு தேறியது என்ற பட்டியல் தமிழில் கிடைக்கணும், ரிப்பேர் பார்க்க உள்ளூரில் ஆள் இருக்கணும். மூன்றரை கோடி அடுப்புகள் கொடுத்த திட்டத்தின் அனுபவம் இதைத்தான் சொல்லுது. அதுவரைக்கும் உங்கள் வீட்டில் செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய மாற்றம் ரெண்டு: அடுப்பை அறையை விட்டு வெளியே எடுங்க, விறகைக் காய வையுங்க.