மிம்பன் சேற்றிலிருந்து

மே 4 வந்தால் ஸ்டார் வார்ஸ் ரசிகர்களுக்குத் திருநாள். இந்த முறை அந்த நாளுக்காக இப்பத்தியாளர் கையில் எடுத்தது படத்தை அல்ல. ‘ஸ்ப்ளின்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ’ என்ற நாவலை. 1978இல் வந்தது. முதல் படத்தின் கதையைத் தொடர்ந்து எழுதப்பட்ட முதல் நாவல். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர்.

இரண்டே இரவில் முடிந்துவிட்டது. அத்தனை சுகமான வாசிப்பு.

மூடுபனியும் சேறுமாகக் கிடக்கும் மிம்பன் கிரகத்தில் முதல் படத்தின் நாயகன் லூக்கும் இளவரசி லெய்யாவும் வந்து விழுகிறார்கள். இந்தப் பனிக்கு ஒரு கணக்கு உண்டு. படம் எதிர்பார்த்தபடி ஓடாவிட்டால் குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்க இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. பனி மூடிவிட்டால் பெரிய செட் வேண்டாம். தொடக்கத்தில் ஃபாஸ்டர் எழுதியிருந்த விண்வெளிச் சண்டையையும் செலவு கருதி லூகாஸ் நீக்கச் சொன்னார். அடுத்த படத்துக்கு ஹாரிசன் ஃபோர்டு அப்போது ஒப்பந்தமாகவில்லை. அதனால் அவர் நடித்த ஹான் சோலோ கதையிலேயே இல்லை. 1977இல் படம் வெளியாகி வசூலை அள்ளியது. சிக்கனக் கதை நாவலாகவே நின்றுவிட்டது.

அப்படி நின்றதுதான் அதன் அழகு. வில்லன் டார்த் வேடர் லூக்கின் தந்தை என்பது 1980 வரை ரசிகர்கள் யாருக்கும் தெரியாது. லெய்யா தங்கை என்பது 1983இல்தான் தெரிந்தது. எனவே இந்த லூக் அவளைக் காதலோடு பார்க்கிறான். கடைசியில் அவன் பாறைக்கடியில் சிக்கிக் கிடக்க, ஒளிவாளை எடுத்துக்கொண்டு வேடர் முன்னால் போய் நிற்பவள் லெய்யாதான். படங்கள் அவளுக்குத் தராத சண்டை அது.

இந்த நாவலின் அட்டையில் ஃபாஸ்டரின் பெயர் இருக்கிறது. 1976 இறுதியில், படம் வருவதற்கு முன்பே வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலின் அட்டையில் இல்லை. அதையும் எழுதியவர் அவர்தான். அச்சானது லூகாஸின் பெயர். பெயர் மறைந்த எழுத்தாளர்கள் என்றால் இப்பத்தி கொதித்துப்போகும் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஃபாஸ்டரோ இதைக் குறையாகச் சொன்னதே இல்லை: கதை லூகாஸுடையது, விரித்து எழுதியது மட்டுமே தன் வேலை என்பார். அந்தப் பெருந்தன்மையை மதிக்கலாம். அதற்காக அட்டை செய்தது சரியாகிவிடாது. திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு நாவலைப் பக்கம் பக்கமாக எழுதி முடிப்பது ஓர் எழுத்தாளனின் உழைப்பு.

பெயர் போனது போகட்டும், பணமாவது ஒழுங்காக வந்ததா? 2012இல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது. இந்த இரண்டு நாவல்களுக்கும், ‘ஏலியன்’ படவரிசை நாவல்களுக்கும் ஃபாஸ்டருக்கு டிஸ்னியிடமிருந்து சேர வேண்டிய ராயல்டி வரவில்லை என்று 2020 நவம்பரில் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் பகிரங்கமாகச் சொன்னது. உரிமைகளை வாங்கியவர்கள் கடமைகளை வாங்கவில்லை என்கிறார்கள் என்பது சங்கத்தின் குற்றச்சாட்டு. எழுபதைத் தாண்டிய ஃபாஸ்டர் தானும் மனைவியும் நோயோடு போராடுவதை எழுதி, பணத்தைக் கொடுங்கள் என்று வெளிப்படையாகக் கடிதம் போட வேண்டியிருந்தது. பிறகு அந்த விவகாரம் பேசித் தீர்க்கப்பட்டது. அந்தக் கடிதத்தைப் படித்த அன்றைய வருத்தம் இந்த வாரம் அப்படியே திரும்பிவிட்டது.

2018இல் வந்த ‘சோலோ’ படத்தில் ஒரு போர்க்களம் வருகிறது. புகை, பனி, முழங்கால் வரை சேறு. அதற்குள் தடுமாறி ஓடும் படைவீரன், 1978 நாவலில் இடம் கிடைக்காத அதே ஹான் சோலோ. கிரகத்தின் பெயர் மிம்பன்.