கம்பளிக்குச் சூடு கிடையாது

மார்கழி மாதத்து விடியற்காலை. மணி ஐந்து இருக்கும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருந்திருக்கும். காஷ்மீரத்துக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் என் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டன.

அங்கே ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் என் நடுக்கத்தைப் பார்த்தார். பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்துக் கொடுத்தார். "சட்டைக்குள்ள நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுப் போங்க சார், குளிர் தெரியாது" என்றார். அப்படியே செய்தேன். விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் போய்ச் சேரும்வரை நடுக்கம் இல்லை.

மாணவ நண்பர்களே, காகிதம் அடுப்பா? அதில் நெருப்பு இருக்கிறதா? இல்லை. பிறகு எனக்கு எப்படிச் சூடு கிடைத்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் இமயமலையின் உறைபனியில் சறுக்கி விளையாடலாம். தெரியாதவர் விரலை இழக்கலாம். மிகையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பையன் ராணுவத்தில் சேர்ந்தான். காஷ்மீரில் பனிச்சறுக்குப் பயிற்சி பெற்றான். விடுமுறையில் வந்தவன் என் வீட்டுக்கும் வந்தான். பேச்சு நடுவே தன் இடது காலைக் காட்டினான். இரண்டு விரல்களின் நுனி கறுத்துச் சுருங்கியிருந்தது. "மூணு கம்பளி சாக்ஸ் போட்டா மூணு மடங்கு சூடு வரும்னு நினைச்சேன் சார். பூட்ஸுக்குள்ள இறுக்கித் திணிச்சுக்கிட்டேன். சாயங்காலம் கழட்டிப் பார்த்தா விரல்ல உணர்ச்சியே இல்ல" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. 'கம்பளி நமக்கு வெப்பம் தருகிறது' என்று எழுதிய விடைத்தாள்கள் எத்தனைக்கோ நானே முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். கம்பளி வெப்பம் தராது. ஒருபோதும் தராது. நான் திருத்தாமல் விட்ட வாக்கியம் அந்தப் பையனின் கால்விரலில் போய் முடிந்திருக்கிறது.

ஆகவே இந்தக் கட்டுரையில் என் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வெப்பப் பாடத்தை நாம் தலைகீழாக நடத்துகிறோம். கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நம் உடம்பு எப்படிச் சூடாக இருக்கிறது, எப்படி அந்தச் சூட்டை இழக்கிறது என்பதைச் சொல்லாமலே பாடத்தை முடித்துவிடுகிறோம். பெயரைக் கொஞ்சம் பின்னால் வைத்து, உடம்பை முன்னால் வைக்க வேண்டும்.

"விழுப்புரத்துப் பிள்ளைக்குப் பனிச்சறுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் லடாக்கிலும் சியாச்சினிலும் காவல் நிற்கிறார்கள். சியாச்சினில் 1984 ஏப்ரல் முதல் நம் ராணுவம் இருக்கிறது. அங்கே குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயர்ந்த மலையின் காற்றுக் குறைவாலும் இறந்தவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் தமிழ்நாட்டு வீரர்களும் உண்டு. இப்போது கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இது வேற்றூர்க் கதையல்ல.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? உங்கள் உடம்பிலிருந்துதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ ஒரு 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் வெளியிடுகிறார். சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனிமேட்டில் வேகமாக ஏறுகிறவர் அதைப்போல ஆறேழு மடங்கு வெளியிடுகிறார். சாப்பிட்ட உணவுதான் விறகு. தசைகள்தான் அடுப்பு. உடுப்பின் வேலை இந்த வெப்பம் வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

இன்னும் ஒன்று. அந்த வேலையைச் செய்வது கம்பளி நூல்கூட அல்ல. நூல்களுக்கு நடுவே அசையாமல் அகப்பட்டிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். நம்பிக்கை இல்லையா? மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஐஸ் பாளங்களின் மேல் கோணிச் சாக்கும் மரத்தூளும் போட்டு மூடியிருப்பார்கள். சாக்கு சூடு தருவதாக இருந்தால் ஐஸ் உருகியல்லவா போகும்? அது வெளிவெப்பத்தை உள்ளே விடுவதில்லை. அதே போர்வை நம்மைச் சுற்றினால் உள்வெப்பத்தை வெளியே விடுவதில்லை. போர்வை ஒரு வாயிற்காவலன். அவ்வளவுதான்.

இந்தக் காவலனுக்கு இரண்டு பகைவர்கள். ஒருவன் காற்றின் வேகம். மற்றவன் ஈரம்.

காற்றை முதலில் பார்ப்போம். நம் தோலை ஒட்டி ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் இருக்கிறது. வீசும் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. நாம் வேகமாகப் போனாலும் அதே கதைதான். மோட்டார் சைக்கிளில் போன எனக்கும், மலைச்சரிவில் சறுக்கி இறங்குகிறவருக்கும் காற்று தானாக உண்டாகிறது. டீக்கடைக்காரரின் காகிதம் அந்தக் காற்றைத் தடுத்தது. அதனால் பனியனுக்குள் இருந்த சூடான காற்று கலையவில்லை.

இதை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் பால் சைப்பிள் என்ற அமெரிக்கர். அவர் 1928-ஆம் ஆண்டு சாரணர் இயக்க மாணவராக இருந்தபோதே அன்டார்க்டிகாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போனவர். அப்போது அவருக்கு வயது 19. பின்னால் மறுபடியும் அங்கே போய், சார்லஸ் பாஸெல் என்பவருடன் சேர்ந்து ஓர் எளிய சோதனை செய்தார். சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். காற்று கூடக்கூடச் சீக்கிரம் உறைந்தது. இந்தக் கருத்தைத் திருத்திச் செம்மை செய்து 2001-இல் ஒரு புதிய சூத்திரம் வகுத்தார்கள். அதன்படி, வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி, காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், திறந்த முகத்துக்கு அது மைனஸ் 34 டிகிரி போன்றது. அந்த நிலையில் மூக்கு நுனியும் காது மடலும் அரைமணி நேரத்துக்குள் உறைந்துபோகலாம்.

இரண்டாம் பகைவன் ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். என் மாணவனுக்குப் பயிற்சியாளர் சொன்ன முதல் பாடம் இதுதானாம்: "வேர்க்க விடாதே!" மேட்டில் ஏறும்போது மூச்சிரைக்கும், வேர்க்கும், உடுப்பு நனையும். உச்சியில் போய் நின்றதும் அடுப்பு தணிந்துவிடும். ஆனால் நனைந்த உடுப்பு வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஏறுவதற்கு முன்பே மேலாடை ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, போட்டுக்கொள்ள வேண்டும். புறப்படும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் உடுப்பு சரி.

இங்கே நம் பருத்தி பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போன்ற நண்பன் இல்லை. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு நம்மைக் குளிர்விக்கிறது. அதே குணம்தான் உறைபனியில் பகையாகிறது. அங்கே உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் கூடாது. மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ வேண்டும். அதன்மேல் காற்றைச் சிறைப்படுத்தும் தடித்த கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத சட்டை. மூன்று அடுக்கு. மூன்றும் தளர்வாக.

ஏன் தளர்வு? குளிர் கூடும்போது உடம்பு ஒரு கடுமையான முடிவு எடுக்கிறது. இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக, கைகால் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் இறுக்கமான காலுறையும் சேர்ந்து நசுக்கினால் விரலுக்கு வெந்நீர்க் குழாயே அடைபட்டது போல. காற்றுக்கும் இடமில்லை, இரத்தத்துக்கும் வழியில்லை. என் மாணவனுக்கு நேர்ந்தது இதுதான். விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரலையும் ஒரே பையில் போடும் கையுறை சூடாக இருப்பதும் இதனால்தான். பரப்பு குறைந்தால் இழப்பும் குறையும்.

அனுபவசாலிகளையும் குளிர் விட்டுவைப்பதில்லை. கர்னல் நரேந்திர குமார் 1961-இல் நீலகண்ட சிகரத்தில் பனிக்கடியால் நான்கு கால்விரல்களை இழந்தார். பிறகு 1970-களில் குல்மார்க் பனிச்சறுக்குப் பள்ளியின் முதல்வராக இருந்தார். 1978-இல் சியாச்சின் பனியாற்றுக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். இழந்ததிலிருந்து கற்றுக்கொண்டு பிறருக்குக் கற்பித்தவர் அவர். நாமோ இழக்காமலே கற்கலாம்.

குளிரைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான நம்பிக்கைகளையும் பாடத்தில் சொல்லியாக வேண்டும். 'ஒரு மடக்கு பிராந்தி உடம்பைச் சூடாக்கும்' என்பது அதில் ஒன்று. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் சூடு போலத் தோன்றுகிறது. உண்மையில் உள்வெப்பம் வேகமாக வெளியேறுகிறது. 'உடம்புச் சூட்டில் பாதி தலைவழியே போகிறது' என்பதும் சரியல்ல. தலைவழியே போவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் காதையும் மூக்கையும் மூடத்தான் வேண்டும்.

'பனிக்கடி பட்ட இடத்தில் பனியைத் தேய்' என்பது இன்னொன்று. இது நெப்போலியனின் படை மருத்துவர் லாரே சொன்ன யோசனை. 1812-இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய வீரர்கள் உறைந்த கால்களை நெருப்பருகே நீட்டிப் புண்ணாக்கிக்கொண்டதை அவர் பார்த்தார். பார்த்தது சரி, எடுத்த முடிவு தவறு. நூறாண்டுக்கு மேல் அந்தத் தவறு நீடித்தது. நெருப்பும் கூடாது, தேய்க்கவும் கூடாது. மீண்டும் உறையாத பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின், 37 முதல் 39 டிகிரி வரையுள்ள இளஞ்சூடான நீரில் வைக்க வேண்டும். மருத்துவரிடம் போக வேண்டும். பெரியவர் சொன்னதையும் சோதித்துப் பார்ப்பதுதான் அறிவியல்.

இனி நம் ஊருக்கே திரும்புவோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. வெள்ளத்தில் நனைந்து, காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றவர்களுக்குப் பனிமலை தேவையில்லை. காற்றும் ஈரமும் இங்கேயே இருந்தன. முதியவர்களும் கைக்குழந்தைகளும் நனைந்த துணியோடு காற்றில் கிடந்தால், உறைபனி இல்லாமலே உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோகும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? ஈரத் துணியின் மேலேயே போர்வையைப் போர்த்துகிறோம். முதலில் ஈரத்தைக் களைய வேண்டும். உலர்ந்த துணி உடுத்த வேண்டும். காற்றுப்படாத மூலையில் உட்காரவைத்துப் போர்த்த வேண்டும். நினைவு தெளிவாக இருப்பவருக்கு மட்டும் சூடான டீ கொடுக்கலாம். பனிச்சறுக்கு வீரனுக்குச் சொல்லும் அதே பாடம்தான். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. 'வெப்பம் பரவும் மூன்று முறைகள் யாவை?' என்ற கேள்வியோடு, 'நனைந்த ஒருவருக்கு முதலில் என்ன செய்வாய்? ஏன்?' என்ற கேள்வியும் தேர்வில் இருக்கட்டும். செலவில்லாத சோதனை ஒன்றும் வகுப்பில் நடக்கட்டும். ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றை உலர்ந்த கம்பளித் துணியாலும், ஒன்றை ஈரமான பருத்தித் துணியாலும் சுற்றுங்கள். மூன்றாவதை உலர்ந்த கம்பளியால் சுற்றி, அதன்மேல் செய்தித்தாளையும் சுற்றுங்கள். மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியில் பார்த்து எழுதுங்கள். எது முதலில் ஆறுகிறது, எது கடைசியில் என்று நான் சொல்லப் போவதில்லை.

உங்கள் ஆசிரியர் யாராவது இன்னமும் 'கம்பளி வெப்பம் தரும்' என்று சொன்னால், எழுந்து நின்று பணிவாக மறுத்துச் சொல்லுங்கள். அன்றைக்கு என் வகுப்பில் ஒருவராவது அப்படி எழுந்திருந்தால் அந்தப் பையனின் கால்விரல் தப்பியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.