பாதுகாப்புக் குழுவில் நமது நாற்காலி

தோட்டத் தோழர்களே! சம்பள உயர்வு பற்றிப் பேச்சு என்றால் சங்கக் கிளைக் கூட்டத்தில் உட்கார இடம் இராது. வேலையிடப் பாதுகாப்பு என்றாலோ பாதிப்பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இது சரிதானா? ஐந்து வெள்ளி கூடுதலாகக் கிடைத்து, கண்ணையோ நுரையீரலையோ பறிகொடுத்தால் அந்த வெள்ளியை எண்ணுவது யார்? காலையில் உயிரோடு போனவர் மாலையில் உயிரோடு திரும்புவதே சங்கத்தின் முதற் கோரிக்கை என்று நாம் கூறுகிறோம்.

அரசாங்க வேலை என்றால் ஆபத்தில்லாத வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளரின் கதை வேறு பாடம் சொல்லுகிறது. 1968 பிப்ரவரி 1-ஆம் நாள் மழைக்கு ஒதுங்கிக் குப்பை வண்டிக்குள் புகுந்த இருவர், குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென ஓடியதால் மாண்டனர். பிப்ரவரி 12-இல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல்தான் நகராட்சி சங்கத்தை அங்கீகரித்தது. ஆயினும் 1970-இல் அந்நாடு இயற்றிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் மாநில, நகராட்சி ஊழியர்கள் சேர்க்கப்படவில்லை. மாநிலம் தனியே திட்டம் வகுத்தாலன்றி இன்றும் அவர்களுக்கு அந்தச் சட்டத்தின் நிழல் இல்லை.

கடல் கடந்த கதை தெமியாங் வட்டாரத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டில் நிலைமை அதைவிட மேலானது என்று காட்டவும், அந்த மேன்மையை நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம் என்று சுட்டவுமே இதைச் சொன்னோம்.

1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். நாட்டையே உலுக்கிய அந்த விபத்துக்குப் பின், 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் பத்துத் தொழில்துறைகள் இருந்தன. விவசாயமும் இருந்தது, அரசாங்கச் சேவையும் இருந்தது. பால்மரம் வெட்டுகிறவரும் நகராண்மைக் கழக ஊழியரும் அன்றுமுதல் ஒரே சட்டத்தின்கீழ் நிற்கிறார்கள். 2022-இல் திருத்தப்பட்ட அச்சட்டம் 2024 ஜூன் 1 முதல், சில விலக்குகள் நீங்கலாக, நாட்டின் எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. கடமை தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 500,000 வெள்ளியாக உயர்ந்தது.

சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று உறங்கலாமா? கூடாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் வரலாறு நம் கண்முன் இருக்கிறது. லாலான் புல்லுக்கு மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. உடலில் புகுந்தால் நுரையீரலைக் கெடுக்கும். அந்தப் பெண்கள் பட்ட பாட்டை தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. முழுத்தடை 2020 ஜனவரி 1-ஆம் நாள்தான் வந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் தோளில் மருந்துத் தோம்பைச் சுமந்தவர் யார்? சட்டம் எழுதியவரல்லர், நம் வீட்டுப் பெண்கள். கொடுத்த பாதுகாப்பைத் திரும்ப எடுக்கவும் முடியும் என்பதை அவர்கள் உடம்பால் அறிந்தார்கள்.

ஆகவே காகிதத்தில் உள்ள உரிமையைக் காட்டுக்குள் கொண்டுவருவது நம் பொறுப்பு. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டுமென்பது சட்டம். நூறு பேர்வரை உள்ள இடத்தில் தொழிலாளர் தரப்புக்கு இரண்டு பிரதிநிதிகளேனும், அதற்கு மேற்பட்டால் நான்கு பேரேனும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் குழு கூட வேண்டும். அந்த நாற்காலிகளில் நிர்வாகத்தார் கைகாட்டிய ஆள் அமர்ந்தால் குழு பெயரளவில் நிற்கும். மருந்தடிக்கும் பெண்ணும், இருட்டில் நெற்றி விளக்குடன் பாம்புக்கும் சறுக்கலுக்கும் அஞ்சி நிரை ஏறும் பால்வெட்டுத் தொழிலாளியும், பால் ஸ்டோரில் அம்மோனியா நெடியில் நிற்பவரும் அமர்ந்தால் குழு உயிர் பெறும்.

இரண்டு செய்திகளை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டிய முகமூடிக்கோ பூட்சுக்கோ முதலாளி சம்பளத்தில் பிடிக்க முடியாது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கலாகாது. ஆனால் தனி ஒருவர் விலகினால் அவரைச் சோம்பேறி என்பார்கள். நிரை முழுவதும் விலகினால் காரணம் கேட்பார்கள். அதற்காகத்தான் சங்கம்.

கிராணித் தோழர்களுக்கும் ஒரு சொல். செக்ரோல் நம் கையில் இருக்கிறது. விபத்தைச் 'சிறு காயம்' என்று எழுதி மூடினால், நாளை சொக்சோ அலுவலகத்தில் அந்தத் தொழிலாளிக்கு ஆதாரம் இராது. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். நடந்ததை நடந்த நாளிலேயே, நடந்தபடியே எழுதுவதுதான் நம் சங்கக் கடமை.

இன்று நம் பக்கத்து நிரையில் வங்காள தேசத்தவரும் இந்தோனேசியரும் குத்தகை ஆட்களும் நிற்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நம்மை மட்டும் காக்க முடியாது. விஷக் காற்று பாஸ்போர்ட் பார்த்து வீசுவதில்லை. பாதுகாப்பு பற்றிய அறிவிப்பு அவர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டுமென்று குழுவில் கேளுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் அலுவலாக இதை எடுங்கள். உங்கள் தோட்டத்தில் குழு உண்டா, கடைசியாக எப்போது கூடியது, நம் நாற்காலியில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கடிதம் எழுதுங்கள். வெள்ளம் வந்தபின் அணை தேடுவது அறிவீனம். ஒன்றுபட்டு, இன்றே அணை கட்டுவோம்!