கேட்டுப் பாருங்கள், பெரியவரை!



பெருநாள் விடுமுறைக்குக் கல்லூரிப் பிள்ளை வீட்டிற்கு வருகிறான். நன்னாவுக்கு ஸலாம் சொல்கிறான், முஸாபஹா செய்கிறான், அவர் சாய்ந்துகொள்ளத் தலையணை எடுத்து வைக்கிறான். மரியாதையில் யாதொரு குறையும் இல்லை. ஆனால், அவர் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், "அதெல்லாம் அந்தக் காலம் நன்னா!" என்று பேச்சை முடித்துவிடுகிறான். நம்மில் எத்தனை வீடுகளில் இக்காட்சி நடக்கிறது, எண்ணிப் பாருங்கள்!

வயதைக் கொண்டு மனிதரை எடைபோடும் இம்மனப்போக்கிற்கு 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் ஒரு பெயரே சூட்டினார். தமிழில் அதனை வயதுப் பாகுபாடு என்கிறோம். உலகில் இருவரில் ஒருவர் முதியோர்மீது இத்தகைய எண்ணம் கொண்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அதைக் குறைக்க அவ்வறிக்கை மூன்று வழிகளைக் காட்டுகிறது: சட்டமும் கொள்கையும், கல்வி, இளையோரும் முதியோரும் கலந்து பழகும் ஏற்பாடு.

நம் வீடுகளில் இப்பாகுபாடு பெரும்பாலும் மரியாதையின் ஆடை அணிந்தே வருகிறது. "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்னும் கனிவான சொல்லுக்குள், "உங்களிடம் கற்க ஒன்றுமில்லை" என்னும் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். 1925-ஆம் ஆண்டில் குலாம் காதர் சாகிபு இங்கே முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கியபோது, இத்தொழிலைக் கற்பிக்க ஊரில் கல்லூரி ஏது? கைமடி வேலைக்கு வந்த சிறுவன், பவர் டேபிளில் அமர்ந்து, பின்னர் கட்டிங் மாஸ்டராக உயர்ந்தான். அவனுக்கு ஆசிரியர், பக்கத்தில் நின்ற மூத்த தொழிலாளியே. 1997-இல் பின்னலாடைக்கெனவே நிஃப்ட்-டீ கல்லூரி தோன்றியது. தொழிலாளியின் மகனும் மகளும் ஆடைத் தொழில்நுட்பம் படிப்பது பெருமைக்குரியது. ஆயினும், பட்டம் பெற்ற பிள்ளையின் பார்வையில் அந்த மூத்தவர் வெறும் 'படிக்காதவர்' ஆகிவிடுவது முறையாகுமா?

நிட்டிங் இயந்திரத்திலிருந்து இறங்கிய துணி இழுபட்ட நிலையில் இருக்கும். அதனை ஆறவிடாமல் வெட்டித் தைத்தால், துவைத்தபின் பனியன் சுருங்கிவிடும். நூலின் முறுக்கு அடங்காவிட்டால், பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும். மாணவர் இக்குறையைச் சோதனைக் கூடத்தில் அளந்து அறிகிறார். முப்பது ஆண்டுகள் துணி வெட்டியவரோ கை வைத்தே சொல்கிறார். அவர் கை அறிந்ததற்குக் காரணம் சொல்ல மாணவரின் பாடம் உதவும். பாடத்தில் எழுதப்படாததை அவர் கை காட்டித் தரும்.

நொய்யலும் அப்படித்தான். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை மாணவர்கள் ஏட்டில் படிப்பார்கள். தம் வீட்டுக் கிணற்று நீர் எப்போது நிறம் மாறியது என்பதைப் பாட்டனாரிடம்தானே கேட்க வேண்டும்?

அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழகம் 2012-இல் முதியோருக்கு இணக்கமான பல்கலைக்கழகத்திற்குரிய பத்து நெறிகளை வகுத்தது. எல்லா வயதினரும் தம் அறிவைப் பரிமாறிக் கற்பது அவற்றுள் ஒன்று. இங்கே 'பரிமாற்றம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதியோர் இல்லத்தில் பழம் கொடுத்துப் படம் எடுத்துத் திரும்புவதில் இரக்கம் உண்டு, பரிமாற்றம் இல்லை. இருவருக்கும் கொடுக்கவும் பெறவும் ஏதேனும் இருந்தால்தான் மனத்தடை உடையும்.

மாணவச் செல்வங்களே! இது பெரியவர்களுக்காக நீங்கள் செய்யும் உபகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்று அமெரிக்க ஆய்வாளர் பெக்கா லெவி 2002-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. முதுமையைப் பற்றி இன்று நீங்கள் கொள்ளும் எண்ணம், நாளை உங்கள்மீதே வந்து விழும்.

ஆகவே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நன்னாவின் அருகில் அமருங்கள். வீட்டிலிருந்தே பிசிர் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த நன்னியையும் மறவாதீர்கள். "முதல் கூலி எவ்வளவு? தொழிலை யார் கற்றுக்கொடுத்தார்? எங்கே தவறினீர்கள், எப்படித் திருத்தினீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். கைம்மாறாக, செல்பேசியில் பணம் அனுப்பவும், மோசடி அழைப்பை இனங்காணவும் பொறுமையுடன் கற்றுக்கொடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எங்கள் காலத்தில்..." என்று தொடங்கி இளையோரைக் குறை கூறுவதும் வயதுப் பாகுபாடே. பிள்ளை கேட்டதற்கு விடை சொல்லுங்கள். பிறகு, அவன் படிப்பைப் பற்றி நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்.