வவுச்சர் இல்லாத ரத்தக் கதைகள்

போன வாரம் காலேஜ் பஸ்ஸில் நண்பன் ஒரு இயர்போனை என் காதில் மாட்டிவிட்டான். "மச்சி, உங்க ஊர் கதைடா." திகில் மியூசிக். ஒரு அண்ணன் கிசுகிசு குரலில் சாத்தான்குளம் ஜெயராஜ், பென்னிக்ஸ் கதையைச் சொல்கிறார். லத்தி விழும் சத்தத்தைக்கூடச் சேர்த்திருந்தார்கள். நடுவில் செருப்பு விளம்பரம் வேறு.

எங்க ஊர் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது, பேப்பரில் வந்தோம். ஜூனில் வேறு காரணத்துக்காக வந்தோம். ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 19ஆம் தேதி பிடித்த அப்பாவையும் மகனையும், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து அடைத்தது கோவில்பட்டி கிளைச் சிறையில்தான். 22ஆம் தேதி இரவு மகன், 23 காலை அப்பா. இருவரும் இறந்தது எங்க அரசு ஆஸ்பத்திரியில். அப்போது நான் ஸ்கூல் பையன். அந்தக் காம்பவுண்டைத் தாண்டும்போது எனக்கு எந்த மியூசிக்கும் கேட்பதில்லை.

பி.காம் படிப்பவன் புத்தி எப்படிப் போகும்? வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடக்கூடாது என்று முதல் வருஷமே மண்டையில் குட்டிச் சொல்லித் தருகிறார்கள். இந்த அண்ணன்மார்கள் போடுவதெல்லாம் வவுச்சர் இல்லாத என்ட்ரிதான். அவர் என்ன நினைத்தார், இவர் எப்படிக் கதறினார்... யார் பார்த்தது?

நிஜமான வவுச்சர்கள் இருக்கின்றன சாமி! இருவரும் தரையில் உருண்டதால் காயம் என்றது எஃப்.ஐ.ஆர். கடைப் பக்கத்து சிசிடிவி காட்சியை டிவி சேனல்கள் தேடிப் பிடித்துப் போட்டன. அதில் உருளல் எதுவும் இல்லை. ஹைகோர்ட் மதுரைக் கிளை சொல்லி விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன், ஸ்டேஷன் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை எழுதினார். தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய அடித்ததையும் லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்ததையும் சொன்னார். பயந்து பயந்துதான் கையெழுத்துப் போட்டார். கடைசியில் போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் கொடுக்கச் சொன்னது கோர்ட். இதற்கு மேல் என்ன திகில் வேண்டும் உங்களுக்கு?

"கதையாச் சொன்னாத்தானே நாலு பேருக்குப் போகும்" என்பீர்கள். நியாயம்தான். அந்த ஜூனில் ஒரு பாடகி ஆங்கிலத்தில் பேசிய வீடியோவால்தான் வடக்கே பலருக்கு விஷயமே தெரிந்தது. ஆனால் அது மிகைப்படுத்தல், நம்பாதீர்கள் என்று சிபிசிஐடி சொல்ல, வீடியோவை எடுக்க வேண்டியதாயிற்று. அடித்தவன் தரப்புக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா? 2020 செப்டம்பரில் ஒன்பது போலீஸ்காரர்கள் மேல் சிபிஐ போட்ட கொலைக் குற்றப்பத்திரிகை கிசுகிசு குரலில் எழுதியதல்ல.

பத்திரிகைக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை (மாலைப் பேப்பர் படிப்பவன்தான் நானும்). ஆனால் ஆட்டோ சங்கர் விஷயத்தைப் பாருங்கள். அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்புகளைச் சிறையில் அவன் எழுதியதை வெளியிடப் போனது நக்கீரன். வெளியிட்டால் நடவடிக்கை என்று சிறைத்துறையிலிருந்து கடிதம். 1994ல் சுப்ரீம் கோர்ட், வெளியிடும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றது. பொது ஆவணத்தில் உள்ளதை யாரும் எழுதலாம், அதைத் தாண்டி ஒருவர் வாழ்க்கைக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அந்த முதல் பாதியை வாங்கித் தந்தது ஒரு பத்திரிகை போட்ட வழக்கு. அதில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் பாதியை மிதிக்கிறார்கள் இவர்கள்.

நேற்று நண்பன் பார்ட் 2 லிங்க் அனுப்பினான். ரேவதி வர்றாங்களா என்று கேட்டேன்.

"யாருடா அது?" என்றான்.