அடித்தால் திருந்தும் என்பது பொய்

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை இன்று மாட்டுக்காக யாரும் சொல்வதில்லை, குழந்தைக்காகத்தான் சொல்கிறோம். அதுவும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்காக. “இப்பவே ரெண்டு போடு, இல்லேன்னா தலைமேல ஏறிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நன்றாகப் படித்த பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். இந்த நம்பிக்கை பொய். குழந்தைக்கு எந்த அடக்கத்தைத் தருவதாகச் சொல்கிறதோ, அந்த அடக்கத்தையே அது முளையில் கிள்ளிவிடுகிறது.

“தெரிஞ்சே செய்யுது” என்பதுதான் குழந்தைமீது நாம் சுமத்தும் முதல் குற்றம். சுவிட்ச் பெட்டியை நோக்கிக் கை நீட்டும் குழந்தை சில நேரம் “வேணாம், வேணாம்” என்று தானே சொல்லிக்கொண்டு தொடும். அதைத் திமிர் என்கிறோம். நடப்பது வேறு. அம்மாவின் சொல் மனதில் பதிந்துவிட்டது. கையை நிறுத்தும் வலிமை இன்னும் வளரவில்லை. உந்துதலை அடக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். இரண்டு வயதில் அந்த வளர்ச்சி தொடக்கத்தில்தான் இருக்கிறது. இல்லாத திறனைக் காட்டவில்லை என்று ஓர் உயிரை அடிப்பது அநியாயம்.

“அடிச்சா உடனே நிறுத்துதே” என்பார்கள். நிறுத்தும், அந்த நொடிக்கு. அமெரிக்காவின் டல்லாஸில் ஆய்வாளர்கள் 33 குடும்பங்களின் வீட்டுப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அடி விழுந்த நிகழ்வுகளில் 73 விழுக்காட்டில், பத்து நிமிடத்துக்குள் குழந்தை மறுபடியும் சேட்டை செய்திருந்தது. அடித்தவர் கையில் என்ன மிஞ்சியது? மறுபடி அடிக்க வேண்டிய நிலைதான்.

அப்படியானால் அடக்கம் எங்கிருந்து வருகிறது? ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் செவிலியர் கல்வித்துறை ஆய்வாளர்கள் கெயில் ஹவுக்கும் எலிசபெத் லெக்கயர்-மாஸும் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குழந்தையை ஈர்க்கும் ஒரு பொருளை எட்டும் தூரத்தில் வைத்து, அதைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி தாயிடம் சொன்னார்கள். 12, 24, 36 மாதங்களில் தாய் எப்படித் தடுக்கிறார் என்று கவனித்தார்கள். சிலர் அதட்டியும் இழுத்தும் அடக்கினார்கள். சிலர் தடுக்காமலே கவனத்தை மட்டும் திருப்பினார்கள். சிலர் தெளிவாகத் தடுத்து, காரணம் சொல்லி, வேறு வேலை காட்டினார்கள். அதே பிள்ளைகளை 5 வயதில் சோதித்தபோது, கற்பித்துத் தடுத்த தாய்மாரின் பிள்ளைகள், அதிகாரத்தால் அடக்கப்பட்ட பிள்ளைகளைவிட ஆசையை ஒத்திப்போட்டுக் காத்திருப்பதில் தேறியிருந்தார்கள். அதிகாரத்துக்குப் பணிந்த குழந்தை, அதிகாரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் கற்கிறது. அம்மா சமையலறைக்குப் போனதும் அதன் கை மறுபடி நீளும்.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘அடிக்காவிட்டால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவோம்’ என்பதும் அதே பொய்யின் மறுபாதி. ஆனால் அடிக்கக் கூடாதென்று கையில் செல்போனைத் திணிக்கும் வீட்டில் குழந்தை அழ மட்டுமே கற்கிறது. ‘பூச்சாண்டி வருவான்’, ‘நர்ஸ் ஊசி போட்டுடுவாங்க’ என்று மிரட்டும் வீடும் எதையும் கற்பிப்பதில்லை. அந்தப் பயத்தோடு சுகாதார நிலையத்துக்கு வரும் குழந்தை செவிலியரைப் பார்த்ததுமே வீறிடுகிறது.

கற்பித்துத் தடுப்பது சலிப்பூட்டும் வேலைதான். குனிந்து முகம் பார்த்து, கையைப் பிடித்து, “அடுப்பு சுடும், தொடக் கூடாது” என்று சொல்ல வேண்டும். ஒரு கிண்ணமும் கரண்டியும் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருக்க வேண்டும், விட்டுக்கொடுக்கக் கூடாது. நாளைக்கும் இதையே சொல்ல வேண்டும், நாளை மறுநாளும். அம்மா மறுத்ததைத் தாத்தா எடுத்துக் கொடுத்தால் எல்லாம் வீண். வேலைக்குப் போய்வந்து, தூக்கமில்லாமல், தனியாக இதைச் செய்யும் தாய்க்குக் கை ஓங்கிவிடுகிறது. அவரை நான் குற்றவாளி ஆக்க மாட்டேன். பக்கத்திலேயே இருந்தும் எழுந்து வராத அப்பாவையும், கல்யாண மண்டபத்தில் அழும் குழந்தையைப் பார்த்து “வளர்ப்பு சரியில்லை” என்று தாய் காதுபடப் பேசும் உறவினரையும்தான் கேட்கிறேன்: அந்த அடியில் உங்கள் பங்கு இல்லையா?

“நாங்க அடி வாங்கித்தானே நல்லா வளர்ந்தோம்” என்பவர்களுக்கு ஒரே பதில். உங்களை வளர்த்தது சோறும் பள்ளியும், உங்கள்மேல் வைத்த பாசமும். அந்தப் பெருமையை அடிக்குக் கொடுக்காதீர்கள்.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடைசெய்கிறது. வீட்டிலிருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தச் சட்டம் துணை நிற்பதில்லை. ஸ்வீடன் 1979லேயே வீட்டிலும் அடிப்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. நம் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசிக்காகத் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராம சுகாதாரச் செவிலியரிடம் வருகிறார்கள். பிடிவாதம் தொடங்கும் வயதும் அதுதான். எடையும் உணவும் கேட்கும் அந்தச் செவிலியர், “வேணாம்னு எப்படிச் சொல்றீங்க?” என்றும் கேட்கட்டும். அப்படிக் கேட்கவும், கேட்டபின் சொல்லித்தரவும் அவருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுங்கள் என்று சுகாதாரத் துறையை வேண்டுகிறேன்.