பந்தல் அழகும் கடன் சுமையும்

மணப்பந்தலை அழகு செய்தல் வேண்டாம் என்று எவரும் கூறார். ஆனால், நாலு பேர் மெச்ச வேண்டுமென்று ஒரு நாள் அழகுக்காகப் பல மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்வது அறிவுடைமையாகாது. புதுச்சேரியில் நெசவும் பயிரும் செய்து வாழும் நமக்கு அதற்கான தேவையும் இல்லை.

வாயிலில் குலை தள்ளிய வாழை இரண்டு கட்டினால், மறுநாள் காய் கறிக்கும் தண்டு பொரியலுக்கும் ஆகும். தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் பயிரிடும் அங்கத்தினரின் தோட்டத்திலேயே உண்டு. முகூர்த்த நாட்களில் மல்லிகை விலை ஏறிவிடும். ஆகவே பூவை மாலைக்கும் மணவறைக்கும் நிறுத்திக்கொண்டு, மற்ற இடங்களைத் தழையாலும் கோலத்தாலும் நிரப்புவதே சிக்கனம். தெர்மாகோல் அலங்காரமோ 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது.

மணவறையின் பின்திரைக்கு வாடகைச் செயற்கைத் துணி எதற்கு? பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியின் நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அத்தகைய ஊரின் பந்தலில் கைத்தறி இல்லையெனில் குறை நம்முடையதே.

ஆயினும் ஒரே மணத்திற்காகத் திரைத்துணி வாங்குவது எளிய குடும்பத்திற்கு இயலாது. ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் தறியில் நெய்த திரைகளையும், சில குத்துவிளக்குகளையும் பொதுவில் வைத்து, சிறு கட்டணத்திற்கு வழங்கலாம். ஒரு முறை இட்ட முதல் பல பந்தல்களுக்கு உதவும். நெசவாளருக்கு வேலையும் கிட்டும். வரும் மகாசபையில் இதனை முன்மொழிய அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.